வீட்டுக்கு 3.50 லட்சம், பேனலுக்கு 78,000... கூரைச் சூட்டுக்கு எவ்வளவு?

வெயிலூர்க்காரன் | ஞாயிறு, மதியம் 2.40

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா படிச்சிட்டுச் சத்தமில்லாம போற ஆள். இழை ஆரம்பிக்கிறது இதான் முதல் தடவை.

எங்க அம்மாவுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல வீடு சாங்ஷன் ஆகியிருக்கு. 3.50 லட்சம். மொத்தம் 360 சதுர அடி, அதுல 300 சதுர அடி காங்கிரீட் தளம் போட்டே ஆகணும். இப்ப லிண்டல் மட்டம் வரைக்கும் சுவர் ஏறியாச்சு. அடுத்த மாசம் சென்ட்ரிங் அடிக்கப்போறாங்க. சந்தோஷமான விஷயம்தான். நாப்பது வருஷம் ஓலைக்குக் கீழ இருந்தவங்க. மழை வந்தா அண்டா குண்டான் எடுத்து வைக்கணும், ஆடிக் காத்துல கீத்து பறக்கும், பக்கத்து வீட்டு அடுப்புல பொறி தெறிச்சா வயித்தக் கலக்கும். அது எல்லாம் போகுதுன்னா யாருக்குக் கசக்கும்?

ஆனா பக்கத்துத் தெருவுல இதே திட்டத்துல ஏற்கெனவே கட்டி முடிச்ச வீடு ஒண்ணு இருக்கு. அந்தப் பெரியம்மா மாசியிலேந்து ஆவணி வரைக்கும் ராத்திரி உள்ள படுக்கிறதே இல்லையாம். வாசல்ல கயித்துக் கட்டில். உள்ள பீரோ, டிவி, அரிசி மூட்டை. "வீடு சாமானுக்கு, வாசல் எனக்கு"ன்னு சிரிக்கிறாங்க. எங்கம்மா அதைப் பாத்துட்டு வந்து, "பழைய குடிசையைப் பிரிக்காம பின்னாடி விட்டு வைக்கலாமாடா?"ன்னு கேக்குறாங்க.

நான் இருக்கிறது சென்னையில வாடகை வீடு. மூணாவது மாடி, தலைக்கு மேல மொட்டை மாடி. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா மேலேந்து அனலை அள்ளித் தலையில கொட்டுது. ஆக ரெண்டு வீட்டுக்கும் ஒரே வியாதி.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 மானியம் கிடைக்குது. கூரைச் சூட்டைக் குறைக்க எந்தத் திட்டத்துலயாவது ஒரு ரூபா இருக்கா? ரெண்டாவது, இந்த 3.50 லட்சத்துக்குள்ள தளம் போடும்போதே ஏதாவது செய்ய முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரண்ட்பில் | ஞாயிறு, மாலை 4.15

கோயமுத்தூர்லிருந்துங்க. 3 கிலோவாட் போட்டு ஒண்ணரை வருசம் ஆச்சு. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் வருது. மழை மூட்டத்தைக் கழிச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்குக் குறையறதில்லை. முன்னாடி ஏசி போட்டா 500-ஐத் தாண்டிருமோன்னு ரெண்டு மாசமும் மீட்டரைப் பாத்துட்டே இருப்பேன். தாண்டினா கட்டண ஸ்லாப் மாறி, 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற சலுகை விலையும் சேந்து போயிரும். இப்ப அந்தக் கவலை இல்லீங்க.

மானியக் கணக்கு தெரியாதவங்களுக்கு: முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000. அதுக்கு மேல எத்தனை போட்டாலும் 78,000 தான். 2024 பிப்ரவரியில ஒரு கோடி வீட்டுக்குன்னு 75,021 கோடி ஒதுக்கினாங்க.

அப்புறம் இன்னொண்ணு. பேனலே ஒரு கூரைதானுங்க. நான் ஏழடி உசரத்துல ஸ்ட்ரக்சர் கட்டித்தான் போட்டேன். மொட்டை மாடியில இப்ப மத்தியானம் நின்னு துணி காயப்போடலாம். கீழ ரூம்ல சூடு நல்லாவே குறைஞ்சிருக்கு. கரண்டும் வருது, நிழலும் வருது. கூரைக்கு வெள்ளை அடிக்கிற சுண்ணாம்புக்குத் தனி மானியம் எதுக்குங்க?

வெயிலூர்க்காரன் | ஞாயிறு, மாலை 4.50

நன்றிங்க. ஆனா அம்மா வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒட்டலை. ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், டிவி. ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட் வந்தா அதிகம். 100 யூனிட் வரைக்கும் இலவசம், பில்லே பூஜ்யம். பூஜ்யத்தை மிச்சம் பண்ண லட்ச ரூபா கைக்காசு போடணுமா?

தவிர ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேணும்னு சொல்றாங்க. 3 கிலோவாட்டுன்னா அம்மாவோட மொத்தத் தளமும் அதுக்கே சரியாப் போயிடும். மொளகா எங்க காயவைக்கிறது? :)

கொத்தனார்பேரன் | ஞாயிறு, இரவு 9.05

தஞ்சாவூர்ப் பக்கம் சின்னச் சின்ன வீடு கட்டிக்கொடுக்கிறவன் நான். தாத்தா கொத்தனார், அம்மா சித்தாள், நான் டிப்ளமோ சிவில். இந்த விஷயத்துல நிறைய புலம்பல் இருக்கு, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல, அந்தத் தளம் ஏன் அப்படிக் கொதிக்குது? நாலரை, அஞ்சு இஞ்ச் காங்கிரீட். காலைல பத்து மணிலேந்து வெயிலைக் குடிச்சிட்டே இருக்கும். குடிச்ச சூடு அடிப்பக்கம் வந்து சேர சில மணி நேரம் ஆகும். வெளிய வெயில் இறங்கிக் காத்து குளிரும்போதுதான் உங்க சீலிங் உச்சத்துல இருக்கும். அதனாலதான் மத்தியானத்தைவிட ராத்திரி எட்டு, ஒம்பது மணிக்கு வீட்டுக்குள்ள அவிச்செடுக்குது. ஓலையில இது கிடையாது. ஓலைக்குச் சூட்டைச் சேத்து வைக்கிற கனம் இல்ல, உள்ள காத்து நிறைஞ்சிருக்கு, வெயில் போனா அதுவும் ஆறிடும்.

பழைய ஆளுங்க தட்டைத் தளம் போடத் தெரியாதவங்க இல்ல. மெட்ராஸ் டெரஸ் பாத்திருப்பீங்க. தேக்குக் கட்டை குறுக்கப் போட்டு, சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டுல நிறுத்திச் சாய்வா அடுக்கி, சுண்ணாம்புல பூசி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, அதுக்கும் மேல தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க. எங்கம்மா அந்த வேலைக்குப் போயிருக்காங்க. அடிச்சு முடியறப்ப கட்டை துள்ளணுமாம், துள்ளினாத்தான் தளம் இறுகிடுச்சுன்னு மேஸ்திரி எழுந்திருக்கச் சொல்வாராம்.

காங்கிரீட் வந்த பிறகும் ரொம்ப நாள் அந்த மேல் பாதி மட்டும் பிழைச்சிருந்துச்சு. அதான் நாம சுருக்கி போடுறதுன்னு சொல்ற வெதரிங் கோர்ஸ். மூணு இஞ்ச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேல தட்டோடு. தண்ணியை வடிக்கிறதுக்குன்னுதான் எஸ்டிமேட்ல எழுதுவாங்க, ஆனா சூட்டைத் தடுத்ததும் அதுதான். இப்பப் பட்ஜெட் வீட்ல முதல்ல வெட்டுறது அதை. தளம் போட்டு, சிமெண்ட் பால் ஊத்தி, சாவியைக் கொடுத்துடுறோம். "நாங்க"ன்னு சொல்லிக்கிறேன், நானும் செஞ்சிருக்கேன்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ஃபில்லர் ஸ்லாப்னு ஒண்ணு இருக்கு. லாரி பேக்கர்ங்கிற கட்டடக்கலைஞர் கேரளாவுல பரவலாக்கினது. தளத்துல மேல் பகுதி காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்குது, கீழ இழுவையைக் கம்பி தாங்குது. கம்பிக்கு நடுவுல அடியில இருக்கிற காங்கிரீட் பெரும்பாலும் சும்மா கனத்துக்குத்தான் உக்காந்திருக்கு. அந்த இடத்துல ரெண்டு மங்களூர் ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வெச்சுட்டு மேல காங்கிரீட் ஊத்துவாங்க. ஓட்டுக்கு நடுவுல காத்து நிக்கும். சிமெண்டும் மிச்சம், சூடும் குறையும், அடியில பூச்சு வேலையே தேவையில்ல. ஆரோவில் பக்கம் மண்கல் வீடுகள்ல, பேக்கர் வழியில வேலை செய்யுற கோஸ்ட்ஃபோர்டு அமைப்பு கட்டின வீடுகள்ல போய்ப் பாருங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. கம்பி இடைவெளியை இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரணும், பழகின கை ஊத்தணும். இதுவரைக்கும் செய்யாத மேஸ்திரியை வெச்சு அம்மா வீட்டுல ஒத்திகை பாக்காதீங்க.

வாடகைக்குருவி | ஞாயிறு, இரவு 10.20

சோலார், ஃபில்லர் ஸ்லாப் எல்லாம் சொந்த வீட்டுக்காரங்க பேச்சு. எங்களுக்கு?

மொட்டை மாடி என் தலைக்கு மேல. ஆனா என்னுது இல்ல. "சார், நானே காசு போட்டு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிக்கிறேன்"னு ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டேன். "மேல போறதுன்னா சாவி கேக்கணும், பெயிண்ட் அடிச்சா லீக்கேஜ் தெரியாது, வேணாம்"னுட்டார். சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்குறார். எனக்கு வீடு சூடா இருக்க இருக்க அவருக்கு வரும்படி. அவருக்கு எந்த மானியம் கொடுத்தாலும் கூரையைக் குளிர வைப்பாரா சொல்லுங்க?

கரண்ட்பில் | ஞாயிறு, இரவு 10.45

வாடகைக்குருவி சொல்றது நியாயமுங்க. சூரிய வீடு திட்டமும் சொந்தக் கூரை இருக்கிறவங்களுக்குத்தான். அபார்ட்மெண்ட் சங்கத்துக்குப் பொது உபயோகத்துக்குன்னு கிலோவாட்டுக்கு 18,000 தர்றாங்க. அது லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் போகும். குடியிருக்கிறவரு மீட்டருக்கு வராது.

மஞ்சப்பை | திங்கள், காலை 7.30

பசுமை வீடுன்னு ஒரு திட்டம் 2011-லேயே வந்ததை எல்லாரும் மறந்துட்டீங்களா? முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். அதுவும் 300 சதுர அடி. வருஷத்துக்கு 60,000 வீடு. ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம், அதுல 30,000 சோலார் விளக்குக்கு மட்டும். அஞ்சு சிஎஃப்எல் பல்பு. அப்பவே அரசாங்கம் வீட்டையும் கரண்ட்டையும் சேத்து யோசிச்சுது. இப்ப இருக்கிறவங்க அதை ஓரங்கட்டிட்டு...

நெறியாளர் | திங்கள், காலை 9.10

இதுக்குக் கீழ இருந்த ஆறு பதிவை எடுத்துட்டேன். எந்தக் கட்சி எந்தக் கட்சியோட திட்டத்தை நிறுத்துச்சுங்கிறதுக்குத் தனி இழை இருக்கு, அங்க போய் அடிச்சிக்கோங்க. இங்க கூரை மட்டும்.

கொத்தனார்பேரன் | திங்கள், காலை 9.40

மஞ்சப்பை, நெறியாளர் அனுமதியோட ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பசுமை வீடுல பசுமைங்கிறது விளக்கு மட்டும்தான். தளம் அதே காங்கிரீட். சுவருக்கும் கூரைக்கும் பசுமைக்கும் சம்பந்தமே இல்ல. 1.50 லட்சத்துல வழக்கமான பெட்டியைக் கட்டி, 30,000-க்குக் கூரை மேல ஒரு பேனலை மாட்டினா பேரு பசுமை வீடு. அதுக்கு முன்னாடி 2010-ல வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டமும் குடிசையை எடுத்துட்டுக் காங்கிரீட். பேர் மாறுது, காசு ஏறுது, தளம் மட்டும் அசையவே இல்ல. பதினஞ்சு வருஷமா எஸ்டிமேட்ல அந்த ஒரு வரியை யாரும் தொடலை.

குடிசையில்லாத தமிழ்நாடுங்கிற லட்சியத்தை நான் குறை சொல்லலை. நெருப்புக்கும் புயலுக்கும் காங்கிரீட்தான் பதில். கஜா புயல் அன்னிக்கு எங்க ஊர்ல ஓட்டு வீடும் ஓலை வீடும் பட்டபாட்டைப் பாத்தவன் நான். நல்ல தளத்துக்கு மேல இன்னும் மூணு இஞ்ச் போட அந்தத் திட்டத்துலேயே காசு ஒதுக்கினா என்னங்கிறதுதான் என் கேள்வி.

தேக்கா | திங்கள், மதியம் 1.15

சிங்கப்பூரிலிருந்து. இங்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் கடைசி மாடி வீட்டுக்கு விலை குறைவில்லை, அதற்கு ஒரு காரணம் கூரை. பல பழைய புளோக்குகளில் மேல்தளத்துக்கு மேல் இன்னொரு தளம் இருக்கும். ஃபெரோசிமெண்ட்டில் செய்த மெல்லிய பலகைகளைச் சிறு கட்டைகளின் மேல் வரிசையாக வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே காற்றுப் போய்வர இடைவெளி. வெயிலை மேல் பலகை வாங்கிக்கொள்ளும், வீட்டின் தளம் நிழலிலேயே இருக்கும். குடைக்குள் நிற்கிற மாதிரி. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

அண்மையில் தெம்பனிஸ் வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புளோக்குகளுக்கு வெப்பத்தைத் திருப்பும் பூச்சு அடித்துப் பார்த்தார்கள். வீவக கூரைகள் பலவற்றில் சூரியத் தகடுகளும் உண்டு. இரண்டையும் ஒரே கழகம் செய்வதால் எது முதலில் என்ற சண்டை வருவதில்லை.

கடைசிமாடி | திங்கள், இரவு 8.00

நான் சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புல கடைசி மாடி. எதுன்னு சொல்ல வேண்டாம். லிஃப்ட் இல்லாத நாள்ல தண்ணிக் குடத்தோட ஏறிவர்றது ஒரு கஷ்டம்னா, ஏறி வந்து கதவைத் திறந்தா முகத்துல அடிக்கிற வெக்கை இன்னொரு கஷ்டம்.

ஏப்ரல் மேல எங்க புளோக்குல ராத்திரி எல்லாரும் காரிடார்ல பாய் போட்டுடுவோம். கீழ்மாடிக்காரங்க உள்ள தூங்குவாங்க, மேல் ரெண்டு மாடியும் வெளிய. எங்க மாமியார் கோணியை நனைச்சு மொட்டை மாடியில எங்க வீட்டுக்கு நேரா விரிச்சு வெப்பாங்க. தண்ணியே ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற இடத்துல, கோணிக்கு ஒரு குடம்னா அக்கம்பக்கம் சும்மா விடுமா? நிறுத்திட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் தவணையில ஏசி வாங்கலாம்ங்கிறார். வாங்கினா 100 யூனிட் இலவசம் எங்க நிக்கும்? பழைய கூரை வீட்ல இருந்தப்ப எங்களுக்கு ஏசின்னு யோசனையே வந்தது கிடையாது.

வலிகாமத்தான் | திங்கள், இரவு 9.30

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். கூரை எண்ட உடன எங்கட பொருத்து வீட்டுக் கதை ஞாபகம் வருது.

2015, 16இல வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு தாறம் எண்டு கொழும்பு அரசாங்கம் வெளிக்கிட்டது. வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு தகடுகளைக் கொண்டுவந்து பூட்டித் தரும், கெதியா முடியும், புதுத் தொழில்நுட்பம் எண்டு சொல்லிச்சினம். ஒரு வீட்டுக்கு எங்கட இலங்கைக் காசில 21 லட்சம் ரூபா அளவில கணக்குச் சொன்னவை. அதுக்கு முதல் இந்திய உதவியில சனம் தானே நிண்டு கட்டின கல்வீட்டுக்குக் குடுத்தது ஐஞ்சரை லட்சம். மாதிரி வீட்டைப் போய்ப் பாத்த சனம் கேட்ட முதல் கேள்வி, "இந்த வெக்கைக்குள்ள இரும்புக்குள்ள இருக்கிறதோ?" பிறகு பொறியியலாளர்களும் எங்கட எம்.பி.மாரும் விலையையும் உறுதியையும் பற்றி நிறையக் கேள்வி கேட்டு, கடைசியில அது கைவிடப்பட்டது.

எங்கட சனத்துக்கு அப்ப வீடே இல்லை. தரப்பாளுக்குக் கீழ இருந்தவை. எண்டாலும் எப்பிடிப்பட்ட வீடு எண்டு கேக்க உரிமை இருக்கு எண்டு நிண்டவை. உங்கட அம்மா பழைய குடிசையைப் பிரிக்க வேண்டாம் எண்டு சொன்னதும் அந்தக் கேள்விதான் தம்பி.

கரண்ட்பில் | செவ்வாய், காலை 6.50

எல்லாரும் சேந்து என்னை சோலார்க் கம்பெனி ஆளுன்னு ஆக்கிருவீங்க போல :) நான் எதிர்க்கேள்வி கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

வெள்ளைப் பூச்சு அடிச்ச மாடியை ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்திருக்கீங்களா? தூசி, பாசி, காக்கா எச்சம். பளிச்சுன்னு இருக்கற வரைக்கும்தான் வெயிலைத் திருப்பும். அரசாங்கம் ஒருக்கா அடிச்சுக் கொடுத்தா மறுக்கா யாரு அடிப்பாங்க? 2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்குனாங்க. நாடே பாராட்டுச்சு. நல்ல சட்டம், நிலத்தடி நீரும் ஏறுச்சு. இன்னிக்கு எங்க வீதியில போய்ப் பாருங்க. பைப் இருக்குது, குழி மண்ணு மூடிக் கிடக்குது. பேனல்னா வேலை செய்யாத நாள் போன் ஆப்ல தெரியும். சுண்ணாம்பு வேலை செய்யலைன்னா யாருக்குத் தெரியும்? அரசாங்கம் அளக்க முடியறதுக்குத்தானுங்க காசு கொடுக்கும்.

கொத்தனார்பேரன் | செவ்வாய், காலை 11.30

கரண்ட்பில், கடைசி வரி சத்தியமான வார்த்தை. என் சண்டையே அதோடதான். பேனல்னா இத்தனை மெகாவாட்னு மேடையில சொல்லலாம். 2019 சூரிய மின்சக்திக் கொள்கையில 2023-க்குள்ள 9,000 மெகாவாட், அதுல 40 சதவீதம் நுகர்வோர் பக்கத்துலேந்துன்னு இலக்கு வெச்சாங்க. எண்ணிக்கை எழுத ஒரு கட்டம் இருக்கு. ஒரு பாட்டி உள்ள படுத்துத் தூங்கினாங்கன்னு எந்தக் கட்டத்துல எழுதுறது?

ஆனா மின்வாரியத்துக்கே இதுல லாபம் இருக்குன்னு யாரும் பேசறதில்ல. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டு மின் தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு. அவ்வளவு தேவை எங்கேந்து வருது? வெயில்காலத்துல ஒவ்வொரு வீட்லயும் ஓடுற ஏசியும் ஃபேனும் அதுல பெரிய பங்கு. உங்க பேனல் பகல்ல யூனிட்டை எண்ணுது. கடைசிமாடி அக்கா வீட்டு ஏசி ஓடப்போறது ராத்திரி ஒம்பதுலேந்து. அந்த நேரத்துக்குப் பேனல் தூங்கிடும், வாரியம் வெளிய வாங்கித்தான் கொடுக்கணும். நெட் மீட்டர், அதாவது பகல்ல நீங்க வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டைக் கழிக்கிற மீட்டர், உங்க பில்லைச் சரிக்கட்டும், ராத்திரி கரண்ட்டை உண்டாக்காது. பகல்ல குடிச்ச சூட்டை ராத்திரி கக்குற தளத்தைச் சரி பண்ணினா, அந்த ராத்திரித் தேவையே கொஞ்சம் இறங்கும்.

சட்டம் இல்லாமயும் இல்ல. 2018 டிசம்பர்ல ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு மத்திய அரசு கொண்டுவந்தது. சுவர் வழியா எவ்வளவு சூடு உள்ள வரலாம், கூரை எவ்வளவு கடத்தலாம்னு எண் போட்டே எழுதியிருக்காங்க. யாருக்கு? 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனைக்கு. 360 சதுர அடிக்கு அதுல இடம் இல்ல. ஏசி வாங்க முடிஞ்சவன் வீட்டுக்கு விதி, வாங்க முடியாதவன் வீட்டுக்கு விதியேன்னு விட்டாச்சு.

தெலங்கானா 2023-ல குளிர்கூரைக் கொள்கைன்னே தனியா அறிவிச்சுது. 2028-க்குள்ள 300 சதுர கிலோமீட்டர் கூரைன்னு இலக்கு. அரசுக் கட்டடம், வணிகக் கட்டடத்துக்குக் கட்டாயம். குடியிருப்புன்னா 600 சதுர கஜத்துக்கு மேல. அங்கயும் சின்ன வீடு கட்டாயத்துல வராது, ஆனா அரசாங்கம் கட்டிக்கொடுக்கிற வீட்டைச் சேத்திருக்காங்க. நம்ம ஊர்லயும் பெரும்பாக்கத்துல, சில அரசுப் பள்ளிகள்ல வெள்ளைக் கூரை முயற்சி நடக்குது. முயற்சியாவே நிக்காம எஸ்டிமேட்டுக்குள்ள வரணும்.

பாசி பிடிக்கும்ங்கிறது சரி. அதனாலதான் நான் பெயிண்ட்டைவிடச் சுருக்கியும் தட்டோடும்னு சொல்றேன். அழுக்கானாலும் அது தன் வேலையைச் செய்யும்.

வாடகைக்குருவி | செவ்வாய், மதியம் 12.05

2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. வெயில்ல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். வீடு கட்ட 3.50 லட்சம். சும்மா சொல்லி வெச்சேன்.

மஞ்சப்பை | செவ்வாய், மதியம் 12.20

இது மலிவான ஒப்பீடு. நிவாரணம் வேற, வீட்டு நிதி வேற. பேரிடர்னு அறிவிச்சதே பெரிய விஷயம்.

வாடகைக்குருவி | செவ்வாய், மதியம் 12.24

மலிவுதான் தலைவரே. மூணாவது மாடியில உக்காந்து மத்தியானம் பன்னெண்டரைக்கு டைப் அடிக்கிறேன், இதைவிட உசத்தியா வர மாட்டேங்குது.

வெயிலூர்க்காரன் | மூணு மாசம் கழித்து, ஞாயிறு, இரவு 8.40

இழையைத் தூசி தட்டுறதுக்கு மன்னிக்கணும். என்ன ஆச்சுன்னு கேட்டு மூணு பேர் தனிச்செய்தி அனுப்பியிருந்தீங்க.

ஃபில்லர் ஸ்லாப் நடக்கலை. பழைய வீட்டுக்காரங்ககிட்டேந்து ஓடுகூடப் பேசி வெச்சேன். ஓவர்சியர் நல்ல மனுஷன்தான், பொறுமையாக் கேட்டார். "தம்பி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா தளத்துல ஓடு தெரியற மாதிரி போட்டோ ஏத்தினா மேல கேள்வி வரும், அடுத்த பில் நிக்கும். நிக்கட்டுமா?"ன்னார். அம்மா என் முகத்தைப் பாத்தாங்க. வழக்கமான தளமே போட்டாச்சு.

கொத்தனார்பேரன் தனிச்செய்தியில சொன்னபடி ரெண்டு விஷயம் மட்டும் சண்டை போட்டு வாங்கினேன். சீலிங்க்குக் கீழ எதிரெதிர் சுவர்ல ஜாலி (காத்துப் போக ஓட்டை விட்ட கல்) வெச்சிருக்கோம், மேல சேர்ற அனல் வெளியேற. மீதி 60 சதுர அடிக்கு ஷீட் வேணாம்னு பேசி வெச்ச ஓட்டையே போட்டாச்சு. அம்மா இப்ப அதுக்குக் கீழதான் குடியிருக்காங்கன்னு சொல்லணும். சுருக்கிக்குக் காசு பத்தலை, தீபாவளிக்கு மேல பாக்கணும்.

தளம் காஞ்ச பிறகு போன வாரம் சுண்ணாம்பு அடிச்சேன். நாலுல மூணு பங்கு அடிக்கிறதுக்குள்ள சுண்ணாம்பு தீந்துபோச்சு, கடை சாத்திட்டான். அது நல்லதாப் போச்சு. மறுநாள் மத்தியானம் ரெண்டரை மணிக்குச் செருப்பைக் கழட்டிட்டு ஏறினேன். வெள்ளைப் பக்கம் நின்னு பொண்டாட்டிகிட்டப் போன்ல பேசினேன். பேசிட்டே அடிக்காத பக்கம் காலை வெச்சேன். நாலு எண்ணுறதுக்குள்ள குதிச்சு வந்துட்டேன். "என்ன சத்தம்?"னு அவ கேட்டா.

அம்மா ராத்திரி உள்ள படுக்குறாங்களான்னு கேட்டா, பாதி ராத்திரி. பன்னெண்டு மணி வரைக்கும் ஓட்டுத் தாழ்வாரம், அப்புறம் உள்ள. குடிசையை இன்னும் பிரிக்கலை.

கடைசிமாடி | ஞாயிறு, இரவு 9.00

தம்பி, சுண்ணாம்புல என்ன கலந்தீங்க? எங்க புளோக்குல நாலு வீடு சேந்து அடிக்கலாம்னு பேசியிருக்கோம். மேல ஏற சாவி கொடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க.

வெயிலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.15

அக்கா, கல் சுண்ணாம்பை முந்தின நாளே இரும்பு டிரம்ல ஊறவெச்சு ஆறவிடுங்க. தண்ணி ஊத்துறப்ப கொதிக்கும், பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. பழைய வேட்டியில வடிகட்டி, வடிகஞ்சியும் ஒரு பிடி உப்பும் போட்டோம். கடைக்காரர் ஃபெவிக்கால் கலக்கச் சொன்னார், கொஞ்சம் கலந்தோம். மொதல்ல மாடியைக் கூட்டிக் கழுவிடுங்க, ஈரம் இருக்கிறப்பவே முதல் கோட்டு. மறுநாள் குறுக்கு வாக்குல ரெண்டாவது. சாயங்காலம் அடிங்க, வெயில்ல அடிச்சா உதிரும். கண்ணுல படாம பாத்துக்கோங்க.

கொத்தனார்பேரன் | ஞாயிறு, இரவு 9.32

கண்ணாடி போடச் சொல்லுங்க, பத்து ரூபா பிளாஸ்டிக் கண்ணாடி போதும். மழைத்தண்ணி வடியற ஓட்டைப் பக்கம் முதல்ல அடிக்காதீங்க, தூரத்து மூலையிலேந்து ஆரம்பிச்சுப் படிக்கட்டுல முடிங்க. இல்லன்னா ராத்திரி முழுக்க மேலேயே நிக்கணும், எனக்கு நடந்திருக்கு.